வானத்துக்குப் பியூஸ் போட்ட பூலோகம்

தாலியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போன கூட்டம் நாட்டில் எத்தனை இருக்குமோ, இசக்கியம்மாள் வீட்டுக் கூட்டம் அப்படித்தான் போனது. தம்பி மாசானம் மணமேடையில் உட்கார்ந்த பிறகுதான் தாலி பூசையறையிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. நாத்தனார் முடிச்சுப் போடவேண்டிய இசக்கியே பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பா காலத்து மோட்டார் சைக்கிளை எடுத்தாள். பின்னால் தொற்றிக்கொண்டான் அவள் புருஷன் பூலோகம். அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தான் ஓட்டாத வண்டியே கிடையாது என்று சொல்லத் தெரியும்.

தாலியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. இசக்கி பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. எஞ்சினும் நின்றது. ஹாரன் இல்லை, லைட் இல்லை. முகூர்த்தம் முடிய முப்பது நிமிஷம்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தாள். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த மெல்லிய கம்பி கருகிக் கிடந்தது. "பியூஸ் போயிட்டு."

அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவன்போல் பூலோகம் கீழே குதித்தான். பின்னால் வாழைத்தார் லாரி நின்றது. அதன் டிரைவர் செல்லப்பா தலையை நீட்டினார். வரிசையாக நின்ற வண்டிகளுக்கு முறுக்கு விற்றுக்கொண்டிருந்த லூர்து அக்காவும் கூடையோடு வந்தாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. போதாதா?

"யாரும் பயப்படாதீய. பியூஸ்னாலே நான்தான். மெக்கானிக்கெல்லாம் மீட்டர் வச்சுப் பாப்பான். நான் ஒயரை நாக்குல வைப்பேன். ஆறு வோல்ட்டுன்னா உப்பு, பன்னெண்டுன்னா புளிப்பு. நேத்து எங்க வீட்டு ரசம் பதினொண்ணரை இருந்துச்சு."

"வீட்டுக்காரி முன்னாலயே சொல்லுதாரே, தைரியசாலிதான்" என்றாள் லூர்து அக்கா.

இசக்கிக்குக் காதில் விழவில்லை. மூடிக்குள் இரண்டு புதுப் பியூஸ் எப்போதும் வைத்திருப்பாள். ஒன்றை மாட்டிச் சாவியைத் திருப்பி, ஹாரனை அழுத்தினாள். ஹாரன் அலறியது.

"பாத்தியளா? நான் பக்கத்துல நின்னாலே போதும்!" பூலோகம் மீசையை நீவினான். "ஒருநாள் பியூஸ் கெடைக்கல. சிகரெட் டப்பா வெள்ளித்தாளைச் சுருட்டி வச்சேன். லைட்டு எரிஞ்ச எரியில எதிர்ல வந்த பஸ்ஸுல இருந்தவங்க எலும்பெல்லாம் தெரிஞ்சுது. ஒருத்தருக்கு இடது கால்ல விரிசல். நான்தான் பஸ்ஸை நிறுத்திச் சொல்லி, கட்டுப்போட அனுப்புனேன்."

வண்டி சரிவில் மெல்ல நகர்ந்தது. இசக்கி பிரேக்கில் காலை வைத்தாள். டப். மறுபடியும் எல்லாம் செத்துப்போனது.

இருப்பது இன்னும் ஒரே ஒரு பியூஸ். இதையும் மாட்டிக் கருக்கிவிட்டால்? மேடையில் தம்பி வெறும் கையோடு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்தது.

"ஒருநாள் வெள்ளித்தாளும் இல்ல" என்று அங்கே தொடர்ந்துகொண்டிருந்தான் பூலோகம். "சுண்டுவிரலையே பியூஸா வச்சுக்கிட்டேன். கோவில்பட்டியிலருந்து சங்கரன்கோவில் வரைக்கும்!"

"ஒரு கை பியூஸ்ல இருந்தா கிளட்ச்சை யாரு பிடிச்சா?" என்றார் செல்லப்பா.

"கரண்டு ஏறி மீசை முழ நீளத்துக்கு வெறைச்சுப் போச்சு, அண்ணாச்சி. அதை மாட்டி இழுத்தேன்."

இசக்கி யோசித்தாள். முதல் தடவையும் பிரேக் பிடித்தபோதுதான் போனது. இப்போதும் பிரேக்தான். சாவி திருப்பினபோது போகவில்லை, ஹாரன் அடித்தபோதும் போகவில்லை. அப்படியென்றால் பிரேக் லைட்டுக்குப் போகிற ஒயர்தான். பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்த நம்பர் பிளேட்டை யாரோ கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தார்கள். கம்பி ஒயரின் தோலைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது.

"ஏங்க! இது யாரு கட்டுனது?"

பூலோகம் எட்டிப் பார்த்தான். ஒரு நொடிதான் முகம் வெளுத்தது. "நான்தான். கரண்டு ரொம்ப ஓடுதுன்னு கட்டிப் போட்டேன்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் கேட் கீப்பரே வெளியே வந்து பார்த்தார். இசக்கி கம்பியை முறுக்கிப் பிய்த்தாள். ஒட்டுவதற்கு டேப் இல்லை. லூர்து அக்கா முறுக்கைக் கொட்டிவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். அதைக் கிழித்து ஒயரில் சுற்றச் சுற்ற, காதுக்குப் பக்கத்தில் பூலோகத்தின் குரல் ஏறிக்கொண்டே போனது.

"இதெல்லாம் என்ன! ஒரு ஐப்பசி மாசம், பாட்டரியே காலி. மின்னல் வெட்டுச்சு. குடைக் கம்பியால அதைப் பிடிச்சு வண்டிக்குள்ள விட்டேன். டப்புன்னு சத்தம். பாத்தா என் பியூஸ் நல்லாத்தான் இருக்கு. போனது வானத்துப் பியூஸ்! மழை பாதி வழியில நின்னுபோச்சு. துளியெல்லாம் அந்தரத்துல தொங்குது, நான் தலையால முட்டி முட்டி நடக்கேன். சூரியன் மினுக்கு மினுக்குங்குது. விட முடியுமா? மேல ஏறிப் புதுப் பியூஸ் போட்டேன். இல்லாட்டா இன்னைக்கு உங்களுக்கு ஏது வெயிலு?"

"கொஞ்சம் கொறச்சுப் போட்டிருக்கக் கூடாதா சாமி, மண்டை பொளக்கே!" என்றாள் லூர்து அக்கா.

"அதுசரி, மேல எப்படி ஏறுனீரு?" என்று செல்லப்பா கேட்டார். அதற்குள் ரயில் தடதடவென்று வந்துவிட்டது.

கேட் ஏறியது. இசக்கி கடைசிப் பியூஸை மாட்டி, சாமியைக் கும்பிட்டுப் பிரேக்கை மிதித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பியூஸ் போகவில்லை. ஒரே உதையில் எஞ்சின் பிடித்தது. பூலோகம் ஓடிவந்து ஏறினானா, புடவைத் தலைப்பைப் பிடித்துத் தொங்கினானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது மண்டபம் வந்தது. மாசானம் முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் இசக்கி போட்டாள். மஞ்சள் கயிற்றில் அவள் விரலில் ஒட்டியிருந்த வண்டி அழுக்கு தெளிவாகப் பதிந்தது. பொண்ணு அதைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். இசக்கிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பந்தியில் பூலோகத்துக்குப் பக்கத்து இலையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பார்த்தால், லாரி டிரைவர் செல்லப்பா!

"லாரியை வாசல்ல நிறுத்திட்டு வந்திருக்கேன். பாதியில விட்டுட்டுப் போயிட்டீரே, எனக்கு ஸ்டியரிங்கே பிடிபடலை. வானத்துல எப்படி வே ஏறுனீரு?"

"இதுல என்ன இருக்கு? மின்னல் இறங்கி வந்த தடம் சூடு ஆறுறதுக்குள்ள, அதைப் பிடிச்சே ஏறிட்டேன்."

செல்லப்பா வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை இலையில் வைத்தார். "அப்போ இறங்குனது எப்படி?"

பாயச வாளியோடு வந்த இசக்கி, புருஷன் இலையில் ஒரு கரண்டி ஊற்றினாள்.

"இவுக இன்னும் இறங்கலை, அண்ணாச்சி."