ஊரில் களை இருக்கக் கூடாது

கேசரிமாறன் என்று ஒரு ராஜா. அவருக்குக் கப்பலில் வந்த பூ என்றால் உயிர். தாம்பாளம் அகலத்துக்கு, அடுக்கடுக்காக இதழ். உள்ளே தேன் மட்டும் கிடையாது.

தோட்ட அதிகாரி அனந்தசயனர் யோசனை சொன்னார். "மன்னா, இந்தப் பூக்களுக்கு நடுவில் தும்பையும் ஆவாரையும் முளைப்பது அசிங்கம்."

ராஜா உடனே பறை அறைவித்தார். "ஊரில் களையே இருக்கக் கூடாது. வளர்த்தால் நாடு கடத்தல்."

எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். தேனீக்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயின. பூசணி பூத்தது, பிஞ்சு வெம்பி உதிர்ந்தது. பாகலும் அப்படியே.

குயவர் தெருவில் காய்த்தோட்டம் போட்டிருந்தவள் வள்ளிக்கண்ணு. அவள் அரசவை விகடகவி சொக்கப்பனிடம் வந்தாள்.

"சாமி, தேனீக்குச் சோறு இல்லை. அது வராவிட்டால் எங்களுக்கும் இல்லை. தெருவே சேர்ந்து பழைய செடிகளை நடப்போகிறோம். நாடு கடத்தினால் கடத்தட்டும்."

"என் வீட்டு வாசலிலும் இரண்டு நடு," என்றான் சொக்கப்பன்.

வீட்டுக்கு வீடு தும்பை, ஆவாரை, துளசி. மண்ணில் வளை தோண்டி வாழும் தேன்வண்டுக்காக வேலியோரம் கொத்தாமல் விட்டார்கள். மழை முடிந்ததும் தெரு முழுக்க மஞ்சளும் வெள்ளையும் ரீங்காரமும். கொடியில் பூசணி தொங்கியது.

அனந்தசயனர் ராஜாவைக் கையோடு அழைத்து வந்தார். தெருவே கைகட்டி நின்றது. வள்ளிக்கண்ணு துணிமூட்டையைத் தயாராகக் கட்டி வைத்திருந்தாள்.

"இதெல்லாம் என்ன?" என்றார் ராஜா.

"களை, மன்னா," என்றான் சொக்கப்பன்.

"இருக்கக் கூடாது என்றேனே!"

"அப்படியே செய்தோம், மன்னா. முதலில் தெருவில் களை போனது. அப்புறம் தோட்டத்தில் களை போனது. காய் இல்லாமல் பெண்கள் முகத்தில் களை போனது. அடுத்து அரண்மனைச் சமையலிலும் காய் இருக்காது. மன்னர் முகத்திலும் களை போய்விடுமே என்று பயந்தோம். அது ராஜதுரோகம் ஆயிற்றே. அதனால்தான் நிறுத்திக்கொண்டோம்."

ராஜா கொடியில் தொங்கிய பூசணியைப் பார்த்தார். வள்ளிக்கண்ணுவின் மூட்டையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மூட்டையை அவிழ்த்துவிடு, அம்மா. அரண்மனைத் தோட்டத்தில் பாதியை உன் தெருவுக்குக் கொடுத்தேன். இதே செடிகளை அங்கேயும் நடுங்கள்."

"மன்னா, அப்போது நம் கப்பல் பூக்கள்?" என்று பதறினார் அனந்தசயனர்.

"அவை உம்முடைய பொறுப்பு. ஒரு தேனீகூட அவற்றை எட்டிப் பார்ப்பதில்லையாம். நாளை முதல் பூவுக்குப் பூ நீரே போய் வாரும்."

அனந்தசயனர் தலையைச் சொறிந்தார். "ரீங்காரமும் செய்ய வேண்டுமா, மன்னா?"

"அது உம் விருப்பம்," என்றார் ராஜா.