சினைப்பசுவுக்கு முதற்பிடி

மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்று வானத்தைப் பார்த்தே வாழ்ந்த சீமை அது. அங்கே ஆன்குடி என்றொரு ஊர். ஊர் நடுவே கோயில் கொண்ட வெள்விடைநாதருக்கு அறுபது பசுக்கள் இருந்தன. அந்த அறுபது பசுக்களின் சாணத்தையும் ஒரு நாள் தவறாமல் அள்ளியவர் சடைச்சியார். சாணி அள்ளுகிறவளுக்கு இவ்வளவு மரியாதையா என்று அந்தக் காலத்தில் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் பெயர் இன்று ஒருவருக்கும் நினைவில் இல்லை.

அள்ளிய சாணத்தை உருண்டை பிடித்துக் காயவைப்பார். உமி மூடிப் புடம் போட்டு, வெந்த நீற்றைச் சலித்துத் துணியில் முடிந்து, தொழுவத்து வாசலில் வைத்துவிடுவார். குருக்கள் வந்து எடுத்துப் போவார். அந்த வாசலைத் தாண்டிக் கோயிலுக்குள் அடி வைக்கும் உரிமை சடைச்சியாருக்கு இல்லை. ஆனால் உச்சிக்காலப் பூசையின்போது வாசற்படியோரம் நின்றால், நந்தியின் கொம்புக்கும் தூணுக்கும் நடுவே விரற்கடை அகலத்தில் கருவறை விளக்கு தெரியும். சடைச்சியார் கண்ட தரிசனம் அவ்வளவுதான். அதற்காகவே அவர் உயிர் வாழ்ந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அவருக்கும் ஒரு காலத்தில் கணவர் இருந்தார். வயிற்றில் ஒரு பிள்ளையும் இருந்தது. பெரும் பஞ்சம் வந்த ஆண்டில் கணவர் போனார். புளியங்கொட்டையை இடித்துத் தின்று பத்து மாதத்தைக் கடந்த சடைச்சியாருக்கு உள்ளங்கை நீளத்தில் ஒரு பெண் பிறந்தது. மார்பில் பால் ஊறவில்லை. ஊறியிருந்தாலும் உறிஞ்ச அந்தப் பிள்ளைக்குத் தெம்பில்லை. ஐந்தாம் நாள் அதுவும் போயிற்று. அவர் இறைவனை நோகவில்லை. "வயித்துப் பட்டினி என்னன்னு எனக்குக் காட்டிட்ட. எதுக்குக் காட்டினன்னு நீயே சொல்லு" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் தொழுவத்து வேலைக்கு வந்து சேர்ந்தார்.

தொழுவத்தின் மணியக்காரர் பேரம்பலத்தார். கெட்டவர் அல்லர், தமக்கு எல்லாம் தெரியும் என்பது ஒன்றே அவருக்கு நோய். கறக்கிற பசுவுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கொடுப்பார். பால் வற்றினால், வயிறு நிறைந்த சினையாக இருந்தாலும், ஏரிப் பொட்டலுக்கு ஓட்டிவிடுவார். கன்று போடும் நாள் நெருங்கும்போது மறுபடி பிடித்துக்கொண்டு வருவார்கள். கறக்காத மாட்டுக்குத் தீனி தண்டம் என்பது அவர் கணக்கு. சினை மாட்டை ஊட்டினால் உள்ளே கன்று பெருத்து, வெளியே வர வழியில்லாமல் தாயையும் கொன்றுவிடும் என்பது ஊரார் நம்பிக்கை. இரண்டும் சேர்ந்தன, பசுக்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தன.

வந்து ஈன்ற கன்றுகளில் பாதி எழுந்து நிற்காமலே செத்தன. நின்றவையும் தேறவில்லை. பிறந்தபின் எவ்வளவு ஊட்டினாலும் அவை கட்டையாகவே நின்றன. கிடேரிகள் வளர்ந்து ஈன்றபோது உழக்குப் பாலுக்கு மேல் கறக்கவில்லை. திருமஞ்சனப் பால் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. கண்ணேறு என்றார் ஒருவர், நாகதோஷம் என்றார் இன்னொருவர். பேரம்பலத்தார் இரண்டுக்கும் பரிகாரம் செய்தார். சடைச்சியார் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்.

"சாமி, வயித்துல விட்டத வாயில ஊட்டிப் பிடிக்க முடியாது. கன்னு உள்ள வளர்ற கடைசி மூணு மாசந்தான் தாய்க்குத் தீனி வேணும். அப்பத்தான் நாம பொட்டலுக்கு விரட்டுறோம்."

"சாணியில நீ பாக்குற சாத்திரம் எனக்கு வேண்டாம், சடைச்சி. உன் வேலையப் பாரு" என்றார் மணியக்காரர்.

அவர் தம் வேலையைத்தான் பார்த்தார். மயிலை என்ற பசு ஏழு மாதச் சினையில் பால் வற்றி நின்றது. அது பொட்டலுக்குப் போன நாளிலிருந்து, கூலியாகக் கிடைத்த கம்பில் பாதியைக் காய்ச்சி, ஒரு கல் உப்பிட்டு, அந்திக்குள் கொண்டுபோய் அதன் வாய்க்கெதிரே வைத்தார். ஒரேயடியாகத் திணிக்கவில்லை. முதல் வாரம் ஒரு பிடி, அடுத்த வாரம் இரண்டு பிடி, கூடவே ஏரிக்கரை அருகம்புல்லும் உலர்ந்த கருவேல நெற்றும். ஊரார் வழிமறித்துச் சிரித்தார்கள். "சடைச்சி மாட்டுக்கு வளைகாப்பு நடத்துறாடோய்!" என்று ஒருவன் கத்தினான். "சீர் கொண்டாந்தா நீயும் வரலாம்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

மயிலைக்குத் தொழுவத்தில் வலி கண்டது. முதலில் வெளியே தெரிந்தவை பின்னங்கால் குளம்புகள். கன்று உள்ளே திரும்பிக் கிடந்திருக்கிறது. அதற்கும் தீனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இழுத்துப் போட்டபோது தாய் பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. தரையில் கிடந்த கன்றோ, பல ஆண்டுகளாக அந்தத் தொழுவம் காணாத பெரிய கன்று. பேரம்பலத்தாருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"கொழுக்க வெச்சுக் கொன்னுட்டியே பாவி! சிவன் சொத்து இது. இனி நீ தொழுவத்து வாசல்ல நிக்கக் கூடாது. கோயில் மதில் நிழலு கூட உம்மேல படக் கூடாது."

"பின்னங்கால் முன்ன வந்துச்சு, சாமி. நீங்களும் பாத்தீங்க."

"போன்னா போ!"

போனார். விரற்கடை விளக்கும் போயிற்று. எதற்கும் அழாதவர் அன்று ஏரிக்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கன்று செத்தது தம் கையாலோ என்று ஒரு கணம் அஞ்சினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயில் இருந்த திசையைப் பார்த்தார். "தப்பு எம்மேலன்னா என்னைய அடி. வயித்துல கெடக்குறதப் பட்டினி போடாத" என்றார்.

திரும்பிப் பார்த்தால், பொட்டலில் பதினோரு சினைப் பசுக்கள் மண்ணை நக்கிக்கொண்டு நின்றன. தொழுவ வேலையோடு நாளுக்கு ஒரு பசுவுக்குத்தான் ஊட்ட முடிந்திருக்கும். மணியக்காரர் துரத்தியதும் நல்லதாயிற்று என்று எழுந்தார். நம் போன்றவர்களுக்கு இந்தப் புத்தி வர ஏழு பிறவி எடுக்க வேண்டும்.

கூலி நின்றுவிட்டதால் களத்துமேட்டில் சிந்திக் கிடந்த கம்பைக் கூட்டிப் பொறுக்கினார். வேலியில் நின்ற அகத்தியையும் முருங்கையையும் ஒடித்தார். செக்கடியில் உதிர்ந்த புண்ணாக்குத் தூளைக் கேட்டு வாங்கினார். ஈன இன்னும் நாளுள்ள பசுவுக்குக் கொஞ்சம், நாள் நெருங்கிய பசுவுக்கு அதிகம் என்று பார்த்துப் பார்த்துப் பங்கிட்டார். மீந்தால் தமக்கு, பெரும்பாலும் மீந்ததில்லை. பசுக்களின் விலா எலும்பு மறைய மறைய, சடைச்சியாரின் விலா எலும்பு வெளியே தெரிந்தது.

வைகாசி பிறந்தது. கோயில் ஆட்கள் பசுக்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் போனார்கள். பிறந்த கன்றுகள் நாழிகைக்குள் தாமே எழுந்து மடியை முட்டின. சீம்பால் மஞ்சளாக, கெட்டியாக வந்தது. பதினொன்றில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஊரே வியந்தது. பேரம்பலத்தார் மீசையைத் தடவிக்கொண்டு, "நாகதோஷ பரிகாரம் பலிச்சிருச்சு" என்றார்! அடுத்த பருவத்தில் பால் வற்றும் பசுக்களையும் வழக்கம்போலப் பொட்டலுக்கு விரட்டக் கட்டளையிட்டார்.

அந்தச் செய்தி காதில் விழுந்தபோது சடைச்சியாருக்கு எழுந்து நடக்கத் தெம்பில்லை. தாம் போய்விட்டால் அந்தப் பசுக்களுக்கு யார் என்பது ஒன்றே அவர் கவலை. இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு அன்று ஒரு கலயம் கம்பங்கஞ்சி கிடைத்திருந்தது. வாயருகே கொண்டுபோகும்போது, எங்கிருந்தோ ஒரு வெள்ளைப் பசு வந்து எதிரே நின்றது. கோயில் பசுக்களுக்குத் தொடையில் சூலக்குறி உண்டு. இதற்கு எந்தக் குறியும் இல்லை. நிறைசினை. வயிறு தரையைத் தொட, கண்கள் பள்ளத்தில் கிடந்தன.

சடைச்சியார் கலயத்தைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார். "நீ ரெண்டு பேரு, ஆத்தா. நான் ஒருத்திதான். நீ குடி" என்று கலயத்தை அதன் முன் சாய்த்தார்.

பசு ஒரு சொட்டு விடாமல் குடித்தது. பிறகு நேரே கோயிலை நோக்கி நடந்தது. குறியில்லாத மாட்டை உள்ளே விடமாட்டார்கள், தடியால் அடிப்பார்களே என்று பதறி, விழுந்தும் எழுந்தும் சடைச்சியார் பின்னால் ஓடினார். மதில் நிழல் காலில் படுமுன் நின்றுவிட்டார். தமக்கிட்ட ஆணையை அவர் அப்போதும் மறக்கவில்லை.

உள்ளே உச்சிக்காலப் பூசை நடந்துகொண்டிருந்தது. பசு தொழுவத்தைக் கடந்தது, மண்டபத்தைக் கடந்தது, நந்தியையும் கடந்தது. பேரம்பலத்தார் தடியோடு ஓடி வந்தார். ஓர் ஆள் நுழையும் அகலமே உள்ள கருவறை வாயிலில் அந்த நிறைசினைப் பசு எப்படி நுழைந்ததோ, நுழைந்தது. குருக்கள் விளக்கைத் தூக்கிப் பார்த்தார். பசுவைக் காணோம். சிவலிங்கத்தின் உச்சியிலிருந்து கம்பங்கஞ்சி வழிந்துகொண்டிருந்தது.

அப்போது குருக்கள், பேரம்பலத்தார் இருவர் காதிலும் ஒரு குரல் கேட்டது: "இன்று நைவேத்தியம் ஆயிற்று. எல்லா உயிரையும் வயிற்றில் சுமக்கிறவன் நான். அந்த வயிற்றுக்குக் கஞ்சி வார்த்தவள் வெளியே வெயிலில் நிற்கிறாள்."

பேரம்பலத்தாரின் கையிலிருந்து தடி விழுந்தது. பின்னங்கால் குளம்புகள் முதலில் வந்த அந்தக் காட்சி அவர் கண்முன் நின்றது; தாம் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டது நினைவுக்கு வந்தது. வெளியே ஓடி வந்து, நிழலுக்கு ஒரு சாண் தள்ளி நின்ற சடைச்சியாரின் காலடியில் விழுந்தார்.

"ஆத்தா, உள்ள வா. சாமி கூப்பிடுது."

சடைச்சியார் கேட்டது ஒன்றே: "அந்த மாட்டுக்கு அடி படலியே, ஐயா?"

மணியக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். அவரே சடைச்சியாரைத் தாங்கிப் பிடித்து நந்தியைத் தாண்டி அழைத்துப் போனார். விரற்கடை அகலத்தில் கண்ட விளக்கை அன்று முழுதாகக் கண்டார் அந்த அம்மை. என்ன வேண்டும் என்று குருக்கள் கேட்டபோது, தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. "சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்ன, மடி வத்தின சினை மாட்டுக்கு ஒரு பிடி போடுங்க" என்றார்.

ஆன்குடியில் அன்று முதல் உச்சிக்காலத்துக்கு முன் முதற்பிடி சினைப்பசுவுக்கே என்றாயிற்று. அது உண்ட பிறகே நாதர் உண்பார். பிறவாத உயிருக்கும் பசிக்கும் என்று அறிந்து, தம் வயிற்றைக் காயவிட்டு ஊட்டிய சடைச்சியாரின் சாணி மணக்கும் கைகளை நாமும் கும்பிடுவோம்.