ஒட்டுப்போட்ட கயிறு

ஜெரோம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குக் கயிறு கட்டுகிறவர். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. அவர் போட்ட முடிச்சு நழுவியதாக ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும்.

மதுரையில் அல்லியின் மாடி அறைக்குள் நுழைந்தபோது மட்டும் அந்த நடையைக் காணோம். கூட வந்த மனைவி பிரிஸ்கா அவரை விட்டுத் தள்ளி, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அல்லி கயிற்றுக்கட்டு கற்றுக்கொடுப்பவள். வளர்ந்த, மனமொத்த இருவர் தங்களுக்குள் ஆடுகிற அந்தரங்க விளையாட்டு அது. ஒருவர் கட்டுவார், ஒருவர் கட்டுப்படுவார். அல்லிக்கு முப்பத்தைந்து வயதுதான். ஜெரோமுக்கு ஐம்பது நெருங்குகிறது. இருந்தாலும் கைகட்டி நின்றவர் ஜெரோம்.

சுவரில் கயிறுகள் தொங்கின. எல்லாம் ஒட்டுப்போட்டவை, முழத்துக்கு ஒரு முடிச்சு. பேர்பெற்ற டீச்சர் வீட்டில் இப்படிக் கந்தல் கயிறா என்று ஜெரோம் மனசுக்குள் உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன ஆச்சு, சொல்லுங்கண்ணே."

"போன மாசம் வீட்டுல வச்சு இவ கையைக் கட்டினேன் டீச்சர். ரெண்டு பேருக்கும் இஷ்டந்தான். புதுசா ஒரு பின்னல். வலிச்சா சொல்லுன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சேன். இவ வாயே திறக்கல. அவுத்துப் பார்த்தா, மூணு நாளைக்கு இடது கையில டம்ளர் நிக்கல."

பிரிஸ்கா இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாள் வாரேன்னு சொன்னேன். சரிப்படலைன்னா இந்தக் கயிறு இனி வீட்டுக்குள்ள வரக்கூடாது."

கயிறு போனால் போகட்டும். முன்பெல்லாம் அவள் கைகளை நீட்டும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அந்த முகத்தை இனிப் பார்க்க முடியாது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இவ சொல்லாததை நான் எப்படி டீச்சர் தெரிஞ்சுக்கிறது?"

அல்லி பையிலிருந்து புதுச் சிவப்புக் கயிறு ஒன்றை எடுத்தாள். "உங்க கையைக் கட்டட்டுமா? முழங்கைக்குக் கீழ மட்டும். வேணாம்னா வேணாம்."

"கட்டுங்க."

"நிறுத்தணும்னா என்ன சொல்வீங்க?"

"நானா?" ஜெரோம் சிரித்தார். "சரி, நங்கூரம்னு வச்சுக்கோங்க."

அல்லி கட்டத் தொடங்கினாள். சுற்றுக்குச் சுற்று இடைவெளி ஒரு நூல் பிசகவில்லை. தொழில்காரர் அசந்துபோய்ப் பார்த்தார். ஐந்தாவது சுற்றில் கட்டைவிரல் பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. இவ்வளவு அழகான வேலையை நடுவில் கெடுப்பானேன்? இன்னும் ரெண்டு சுற்றுதானே? நங்கூரம் வாய்க்குள்ளேயே கிடந்தது.

அல்லியின் கண் கயிற்றில் இல்லை, அவர் முகத்தில் இருந்தது. சட்டென்று இரண்டு விரலை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இறுக்கிப் பிடிங்க."

பாதிப் பிடிதான் வந்தது.

அவள் இடுப்பில் தொங்கிய மழுங்கல் முனைக் கத்தரிக்கோல் அடுத்த கணம் கயிற்றுக்கடியில் நுழைந்தது. நறுக், நறுக். சிவப்புக் கயிறு துண்டுதுண்டாகத் தரையில் விழுந்தது.

"ஐயையோ, புதுக் கயிறாச்சே! அவுத்திருக்கலாமே!" ஜெரோம் பதறினார். துறைமுகத்தில் நல்ல கயிற்றை அறுத்தவனை மேஸ்திரி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"அவுக்க ரெண்டு நிமிஷம் ஆகும்ணே." விரல்களுக்கு உணர்ச்சி திரும்பும்வரை அவர் கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். "நங்கூரம் எங்க போச்சு?"

அவர் தலை குனிந்தது. "உங்க வேலை அழகா இருந்துச்சு. கெடுக்க மனசு வரல."

"எனக்கும் அதேதான்" என்றாள் பிரிஸ்கா, ஜன்னல் பக்கமிருந்து.

ஜெரோம் திரும்பி அவளைப் பார்த்தார். அன்றைக்கு அவரும் கேட்கத்தான் கேட்டார். 'நல்லாயிருக்குல்ல?' என்று, முடிச்சைப் பார்த்துக்கொண்டே. முகத்தைப் பார்க்கவில்லை. சரக்கின் முகத்தை எவன் பார்ப்பான்? பழக்கம் அப்படி.

நிமிர்ந்தார். சுவரில் தொங்கிய கயிறுகள் கண்ணில் பட்டன. ஒட்டுகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"இத்தனையும் இப்படி அறுத்ததுதானா டீச்சர்?"

"இத்தனையும்."

அவர் கோயிலில் நிற்கிறவர்போல் அப்படியே நின்றார்.

பிரிஸ்கா எழுந்து வந்தாள். வலது கையை நீட்டினாள். "ஒரே ஒரு சுத்து."

ஜெரோம் தன் கயிற்றை எடுத்தார். மாதக்கணக்கில் எண்ணெய் தடவி, தானே பதமாக்கிய எட்டு மீட்டர் கயிறு. ஒரு சுற்றுச் சுற்றினார். கண் இந்தத் தடவை அவள் முகத்தில் இருந்தது. விரல்கள்தான் பழக்கதோஷத்தில் துறைமுக முடிச்சைப் போட்டுத் தொலைத்தன, இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு.

"போதும்" என்றாள் பிரிஸ்கா.

விரல் முடிச்சுக்குப் போனது. முடிச்சு அசையவில்லை. அடுத்த மூச்சில் அவர் கை அல்லி கீழே வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்துவிட்டது.

நறுக்.

"வலிக்கல. சும்மாதான் சொன்னேன்."

"சரி" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

பிரிஸ்கா தரையில் இரண்டாய்க் கிடந்த கயிற்றைப் பார்த்தாள். அந்தக் கயிறு அவருக்கு என்னவென்று அவளுக்குத் தெரியும். பிறகு முந்தானைக்குள்ளிருந்து இடது கையை எடுத்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

எத்தனையோ டன் பாரம் ஜெரோமின் முடிச்சை நம்பித் தொங்கியிருக்கிறது. எந்தப் பாரத்தையும் அவர் கேட்டுக் கட்டியதில்லை. அறுந்த கயிற்றில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு அல்லி பக்கம் திரும்பினார்.

"கட்டட்டுமா டீச்சர்?"

"என்னையா கேக்குறீங்க?" என்றாள் அல்லி.