சூவேயின் பாய்

சூவேயை உயிரோடு புதைத்தார்கள். யாழ் வாசிக்கிற பெண், கல்யாணம்கூட ஆகவில்லை. அவள் செய்த குற்றம், கிழட்டுப் பிரபுவுக்குப் பிடித்த மாதிரி வாசித்தது.

பிரபு செத்ததும் அவரோடு அவளையும் குழிக்குள் இறக்கினார்கள்.

வழக்கமாம்.

இது நடந்தது பழைய சீனத்தில், தாவ்ஷன் என்ற சிற்றரசில். ஆணையிட்டவர் பட்டத்துக்கு வந்த மகன், ஹெங் பிரபு.

தலை நரைத்தபிறகு ஹெங், சடங்குகள் கற்பிக்கும் லான்ஷியிடம் வந்தார்.

“அம்மா, யாழ் சத்தம் கேட்டாலே நெஞ்சை அடைக்கிறது. ‘மன்னித்தேன்’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.”

“ஏன் புதைத்தீர்கள்?”

“யாழ் கேட்காவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் வராது.”

“செத்தவருக்கா?”

“வழக்கம் அதுதானே, அம்மா.”

“சரி, அப்பா என்ன சொல்கிறார்?”

தாவ்ஷனில் இது சாதாரணக் கேள்விதான். திதியன்று இறந்தவரின் அங்கியைப் போட்டுக்கொண்டு பேரனோ பேத்தியோ பாயில் உட்கார வேண்டும். அந்த வாய் சாப்பிட்டால் இறந்தவர் சாப்பிட்டார். அந்த வாய் பேசினால் இறந்தவர் பேசினார்.

“என் மகன்தான் உட்கார்ந்தான். ‘திருப்தி’ என்றார் அப்பா.”

“இருக்காதா பின்னே? பக்கத்திலேயே யாழ் இருக்கிறதே.”

லான்ஷி எழுந்து ஒரு பாயை விரித்தாள். சூவேயின் தாய் எப்போதோ கொடுத்துவைத்த, மகளின் நீல அங்கியை அதன்மேல் வைத்தாள். முன்னால் ஒரு கிண்ணம் தினைக்கஞ்சி.

பிரபுவின் முகம் மலர்ந்தது. நெற்றி தரையில் பட வணங்கிக் காத்திருந்தார்.

கஞ்சி ஆறியது. மேலே ஏடு படிந்தது.

“யாரும் வரவில்லையே, அம்மா?”

“யார் வர வேண்டும்?”

“பாயில் உட்கார ஒருவர்.”

“நீங்கள்தான் பிரபு. ஆணையிடுங்கள்.”

“யாராவது ஒரு பெண்ணை அழைத்துவரச் சொல்கிறேன்.”

“உங்கள் அப்பாவின் பாயில் யாராவது ஒருவரை உட்காரவிடுவீர்களா?”

“அது எப்படி? சொந்தப் பேரப்பிள்ளைதானே உட்கார...”

பிரபு பாதியில் நிறுத்தினார். நீல அங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன அங்கி. தோள்பட்டை ஒரு முழம்கூட இல்லை.

லான்ஷியைப் பார்த்துக் கேட்டார்.

“அப்படியானால் என்னை மன்னிக்க ஒருவர்கூட இல்லையா?”

லான்ஷி கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“சூவேக்கு ஒரு பேத்தி இருந்திருப்பாள். அவள்மேலும் சேர்த்துத்தான் அன்றைக்கு மண்ணைத் தள்ளினீர்கள்.”