மோருக்கு ஒரு பதிவு

"வைத்தியம் படிக்க வந்தவனுக்குக் கணக்குப்பதிவு எதற்கு அம்மா?"

செவ்வேள் கேட்டே விட்டான்.

மலையடிவாரத்துச் சித்த வைத்தியசாலையில் மங்களாம்பிகையிடம் படிக்க வந்தவன் அவன். வந்த நாளிலிருந்து மருந்து இடிக்கிற வேலைதான். அது போதாதென்று இப்போது கணக்குப்பதிவு வேறு. அது கடைக்காரர் படிப்பு, அதைப் படித்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஊருக்கே போய்விடுகிறேன் என்றான். துணிகளை மூட்டை கட்டியும் வைத்துவிட்டான்.

மங்களாம்பிகை கோபப்படவில்லை. அவன் குடித்து வைத்த மோர்க் குவளையைப் பார்த்தார்.

"ஒரே ஒரு பதிவு. பெற்றவர் ஒரு பக்கம், கொடுத்தவர் மறுபக்கம். இந்த மோரை எழுதிவிட்டுப் போ."

பெற்றவர் செவ்வேள். அது சுலபம்.

கொடுத்தவர்?

சமையற்கட்டில் விசாரித்தான். கீழத்தெரு செல்லாயி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள் என்றார்கள்.

அவனுக்குச் சுருக்கென்றது. மருந்து வரிசையில் முந்தி வந்தாள் என்று போன வாரம் அவன் சிடுசிடுத்துப் பின்னால் அனுப்பிய பெண் அவள்.

தயங்கித் தயங்கித்தான் போனான். செல்லாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்து, கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டாள். அன்றைக்குக் கடிந்து பேசியதற்கு வருத்தம் சொன்னான். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மோர் கொடுத்தவர் என்று உங்கள் பெயரை எழுத வந்தேன் என்றான்.

"நான் எங்க தம்பி குடுத்தேன்? படுத்த படுக்கையா கெடந்த எம் மவ இப்ப எந்திரிச்சு நடக்குறா. அந்த மருந்த இடிச்சது நீங்கதான? வாங்கிக்கிட்டது நானு."

முணுமுணுத்துக்கொண்டே செவ்வேள் இடித்த மருந்து அது.

இடித்தது அவன் என்றாலும், அந்த மருந்துக்குப் பச்சிலை கொண்டுவருபவர் மலைமேல் இருக்கும் மாரப்பன். வெயிலோடு வெயிலாக ஏறிப்போய் அவரையும் கேட்டான். அவர் சிரித்தார். மழை பெய்தது, மலை கொடுத்தது, நான் பறித்துக்கொண்டேன், அவ்வளவுதான் என்றார்.

அவன் இறங்கி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மங்களாம்பிகை பாயில் அமர்ந்திருந்தார்.

"எழுதிவிட்டாயா?"

"முடியவில்லை அம்மா. யாரைக் கேட்டாலும், தாங்கள் பெற்றதாகத்தான் சொல்கிறார்கள். கொடுத்தவர் பக்கம் காலியாகவே இருக்கிறது."

மங்களாம்பிகை சற்று நகர்ந்து, பாயில் அவனுக்கு இடம் விட்டார்.