கழுதை சொன்ன விடை

விலங்குகள் மனிதரோடு பேரம் பேசிச் சுமை தூக்கிய அந்தக் காலத்தில், கடற்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவே சாம்பரி என்றொரு கழுதை நடந்துகொண்டிருந்தது. அதன் முதலாளி சடையாண்டி, உப்பு வியாபாரி. சாம்பரிக்கு ஒரு குட்டி. முதுகெலும்புகூட இன்னும் முற்றாத பிஞ்சு.

"சரக்கு மொத்தம் இருபது கட்டி கனம். எல்லாவற்றையும் நீயே சுமந்தால் உன் குட்டி சும்மா நடந்து வரட்டும்" என்று சடையாண்டி வாக்குக் கொடுத்திருந்தான். கட்டி என்றால் உப்போடு அவன் விற்கக் கொண்டுபோகும் இரும்புக் கட்டி. எல்லாம் ஒரே எடை. உப்பு மூட்டைகளும் ஒரே அளவுதான், ஆனால் வாய் தைத்தவை. ஒரு மூட்டை இரண்டு கட்டி கனம் என்பது அவன் சொன்ன கணக்கு.

அந்த முறை இடப்பக்கம் மூன்று மூட்டையும் இரண்டு கட்டியும் ஏற்றினான். வலப்பக்கம் ஒரு மூட்டையும் பத்துக் கட்டியும். பொதி எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆனால் முதல் மேட்டிலேயே சாம்பரியின் முட்டி ஆடியது.

"கிழடு தட்டிவிட்டது உனக்கு. இன்னொரு தடவை முட்டி மடங்கட்டும், குட்டியின் முதுகில் பொதி ஏற்றிவிடுகிறேன்" என்றான் சடையாண்டி.

சாம்பரி குட்டியைத் திரும்பிப் பார்த்தது. கோளாறு காலில் இல்லை, மூட்டையில்தான் என்று காட்டியாக வேண்டும். தைத்த மூட்டைக்குள் எப்படிப் பார்ப்பது?

சடையாண்டி புளியமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தான். பொதியோடு நின்ற சாம்பரியின் முன்னால் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது.

"என்னடி, முழி பிதுங்குது?"

"மூட்டையின் கனத்தைக் கண்டுபிடிக்கிறேன்."

"கழுதைக்குக் கணக்கா! அப்போ நான் பாட்டுக் கச்சேரிக்குப் போகிறேன்."

சாம்பரி பொருட்படுத்தவில்லை. பொதியை மனசுக்குள் இறக்கத் தொடங்கியது. முதலில் இடப்பக்கத்துக் கட்டிகளை மட்டும் எடுத்துப் பார்த்தது. கூடாது, பொதி சரிந்துவிடும். போன சந்தையில் அப்படித்தான் சரிந்து வயிற்றுக்கடியில் போய்த் தொங்கியது. இந்தப் பக்கம் எதை எடுத்தாலும் அந்தப் பக்கமும் அதையே எடுக்க வேண்டும்.

"இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டையை எடுக்கிறேன். இங்கே இரண்டு மூட்டை, இரண்டு கட்டி. அங்கே வெறும் பத்துக் கட்டி."

"ம்ம்," என்று காகம் கிட்டே நகர்ந்தது.

"இனி இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கட்டியை எடுக்கிறேன். இங்கே இரண்டு மூட்டை நிற்கிறது, அங்கே எட்டுக் கட்டி."

"அப்போ ஒரு மூட்டை?"

"அதில் பாதி. நான்கு."

"அடப்பாவி, இரண்டு என்றல்லவா சொன்னான்!"

சாம்பரி சரிபார்த்தது. மூட்டைக்கு நான்கு வைத்தால் பக்கத்துக்குப் பதினான்கு. இரண்டு வைத்தால் இங்கே எட்டு, அங்கே பன்னிரண்டு. பொதி எப்போதோ கவிழ்ந்திருக்கும்.

"அவனிடமா சொல்லப் போகிறாய்?"

"விடை சரி. சொல்ல என்ன பயம்?"

சடையாண்டி கை கழுவி வந்ததும் சாம்பரி ஒவ்வொரு படியாகச் சொன்னது. "நான் சுமப்பது இருபது இல்லை முதலாளி, இருபத்தெட்டு. முட்டி ஆடியது வயசால் இல்லை."

அவன் கோபப்படவில்லை. "முதல் படி என்ன சொன்னாய்?"

"இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டையை எடுக்க வேண்டும்."

எடுத்தான். "இப்போது?"

"பக்கத்துக்குப் பத்து. மொத்தம் இருபது." சாம்பரியின் காதுகள் நிமிர்ந்தன.

"நல்லது." எடுத்த மூட்டைகளைக் குட்டியின் முதுகில், பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டான்.

"முதலாளி! குட்டி சும்மா வரலாம் என்றீர்களே!"

"மொத்தச் சரக்கையும் நீ சுமந்தால் என்றேன். மொத்தம் இருபத்தெட்டு என்று நீதானே கண்டுபிடித்தாய்?" அவன் கயிற்றை இறுக்கினான். "பார், பக்கத்துக்கு நான்கு. இம்மிகூடச் சாயவில்லை."

குட்டியின் கால்கள் நான்கும் அகன்றன. அது அம்மாவைப் பார்த்தது. சாம்பரி தன் கணக்கில் பிழை தேடியது. மலையடிவாரம் வரை, முதல் படியிலிருந்து திரும்பத் திரும்பத் தேடியது. பிழையே இல்லை.

அதற்குப் பிறகு அது மனிதனிடம் பேசவில்லை. எத்தனை ஏற்றினாலும் வாய் திறக்காமல் தரையைப் பார்த்து நிற்பதும், சுமையெல்லாம் இறங்கி ஏற்றியவன் போன பிறகு அடிவயிற்றிலிருந்து கத்துவதும், கழுதைக்கு அன்று முதல்தான்.