நடுத்துண்டு

“வெட்டி எடுக்கப்போற துண்டை எதுக்குச் செய்யணும், மேடம்?” என்று கேட்டார் கோமதிநாயகம்.

சிறுவயதிலிருந்தே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வாழ்கிறவர் அவர். தம் உடம்பு எதைச் செய்ய மறுத்தது என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று, நடுவயதில் வேலையை உதறிவிட்டு ரிஸ்வானாவின் ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்திருந்தார். ஆசிரியை அவரைவிட இளையவர். இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அன்றைய பாடம் இதுதான். மேல்வயிற்றில் இருக்கும் கணையத்தின் செல் இன்சுலினை நேரடியாகச் செய்துவிடுவதில்லை. முதலில் ஒரு நீளச் சங்கிலியைக் கோக்கிறது. சங்கிலி மடிகிறது. அதன் இரு முனைப் பகுதிகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதன் பிறகே நடுத்துண்டு வெட்டப்படுகிறது. மிஞ்சுவது இன்சுலின். ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் செல் அதை வெளியே அனுப்புகிறது, ‘சர்க்கரையை உள்ளே எடுங்கள்’ என்று உடம்பெங்கும் சொல்லிவர.

“நடுத்துண்டு இல்லேன்னா ரெண்டு முனையும் சரியாச் சேராது” என்றார் ரிஸ்வானா.

“சேர்ந்த பிறகு?”

“இன்சுலினோட அதுவும் வெளியே போயிடும்.”

கோமதிநாயகம் கசப்பாகச் சிரித்தார். அந்த செல்களையெல்லாம் தம் உடம்பே எதிரி என்று எண்ணி அழித்துவிட்டது, ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று பார்த்த மருத்துவரெல்லாம் சொல்லிவிட்டார்கள் என்றார். இந்த உடம்பை இன்னும் மன்னிக்க முடியவில்லை என்றும் சொன்னார்.

ரிஸ்வானா அவரை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். வந்ததும் கையை நீட்டச் சொல்லி ரத்தம் எடுத்தார்.

மறுநாள் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். நேர்கோடாக ஓடிய கோட்டில் ஓரிடத்தில் சின்ன மேடு.

“என்ன இது?”

“உங்க ரத்தத்துல இருந்த நடுத்துண்டு.”

“நான் போடுற ஊசியிலேர்ந்து வந்திருக்கும்.”

“ஊசி மருந்துல இந்தத் துண்டு கிடையாது.”

பிழையாக இருக்கும் என்றார் அவர். தானும் அப்படித்தான் நினைத்ததாகவும், திரும்பவும் சோதித்துப் பார்த்துவிட்டதாகவும் ரிஸ்வானா சொன்னார்.

கோமதிநாயகம் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். கை தானாக மேல்வயிற்றுக்குப் போனது. அங்கேயே இருந்தது.

“அப்போ...” குரல் உயர்ந்து உடைந்தது. “இதை யாரு வெட்டினது?”

“மெதுவாப் பேசுங்க, சார்” என்றார் ரிஸ்வானா. “உள்ளே வேலை நடக்குது.”